பிற

நகராட்சி தந்த படிவத்தில் மூன்று கட்டங்கள்:
ஆதரவு, எதிர்ப்பு, பிற.
முதல் இரண்டும் உள்ளங்கை அகலம்.
பிற என்பதற்கு ஒரு விரல்கடை.

வல்பராய்சோவில், லூக்குமா குன்றின்
பள்ளிச் சாப்பாட்டு அறையில்
ஆறு மணிக்கு என்று அறிவித்த கூட்டம்
ஏழேகாலுக்குத் தொடங்கியது.
வந்தவர்கள் நாற்பத்தொரு பேர், நாய்கள் மூன்று.
நாய்களை நான் எழுதவில்லை.

பொறியாளர் உர்சுவா
அட்டைக் குன்றை மேசைமேல் வைத்தார்.
தீப்பெட்டி அளவில் வீடுகள்,
பசை காயாத கூரைகள்.
படிக்கட்டு இருந்த இடத்தில்
சாம்பல் நாடாவாய் ஒரு சாலை.
"தீயணைப்பு வண்டி உங்கள் வாசலுக்கே வரும்" என்றார்.
அதற்காக எத்தனை வாசல் போகும் என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
பதினொன்று.
அந்த எண்ணைச் சொல்லுமுன்
அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

எர்மெலிந்தா எழுந்து
ஆள்காட்டி விரலை அட்டைமேல் நடத்தினாள்.
அவள் வீடு இல்லை.
"எரிந்தது நிஜம். திரும்பக் கட்டியதும் நிஜம்.
நீங்கள் இரண்டுக்கும் நடுவில் வந்து அளந்தீர்களோ?"
எல்லோரும் சிரித்தார்கள், அவளும்.
பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
"எனக்குச் சாலை வேண்டும்."
ஆதரவு, ஒன்று.

எரிவாயு உருளை சுமக்கும் நிபால்தோ
உட்கார்ந்தபடியே பேசினான்.
"முழங்காலைக் கேட்டால் சாலை என்கிறது.
சட்டைப்பையைக் கேட்டால் படி என்கிறது.
லாரி மேலே வந்துவிட்டால்
என்னை எவன் கூப்பிடுவான்?
இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், செனோரித்தா."
ஒருவரை இரு கட்டத்தில் போட விதியில்லை.
நடுக்கோட்டின்மேல்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அந்தப் பதினொன்றில் ஒரு வீட்டுக்காரர்,
எலியோதோரோ,
கூட்டம் முழுக்கத் தொப்பியை
மடியில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.
சுழலும் தொப்பிக்கு எந்தக் கட்டம்?

குழாய் வேலை செய்யும் யாஸ்னாதான்
பேச்சைத் திருப்பினாள்.
"அன்றைக்கு வண்டி வராமல் எரியவில்லை.
வண்டி வந்தது. கீழே நின்றது.
மேலே வராதது தண்ணீர்."
பக்கத்துக் குழந்தையின் பழச்சாற்றிலிருந்து
உறிஞ்சுகுழலை உருவி,
அது அழ அழ,
அட்டைக் குன்றின்மேல் சாய்த்து வைத்தாள்.
"படியோரமாய் ஓர் இரும்புக் குழாய்.
கீழே வண்டி தள்ளட்டும்.
இருபது படிக்கு ஒரு திறப்பு.
திறக்க நாங்கள் இருக்கிறோம்."

அழுத்தம் போதாது என்றார் உர்சுவா.
அளந்தீர்களா?
இல்லை.
ஏறியாவது பார்த்தீர்களா?
குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது.

சனிக்கிழமை வந்தார்,
அலுவலகச் சப்பாத்தோடு.
முன்னால் நிபால்தோ, தோளில் நிறை உருளை,
திருகுசாவியால் அதைத் தட்டிக்கொண்டே.
வியாபாரத்தையும் விடக்கூடாது அல்லவா?
பின்னால் நான், குறிப்பேட்டோடு,
எழுதும் அளவுக்கு மூச்சு இல்லாமல்.

தொண்ணூற்று நாலாம் படியில்
பொறியாளர் உட்கார்ந்துவிட்டார்.
மொத்தம் எத்தனை என்று கேட்டார்.
நூற்று எழுபத்திரண்டு என்றாள் எர்மெலிந்தா.
எழுபத்து நாலு என்றான் நிபால்தோ,
சுமையோடு எண்ணுகிறவன்.
மழைக்குப் பிறகு ஒன்று குறைந்தது என்றாள் யாஸ்னா.
துறைமுகத்துக் கிரேன்கள் கீழே
யாரையும் கேட்காமல் திரும்பிக்கொண்டிருந்தன.

ஒரு கதவு திறந்தது.
எலியோதோரோ நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து
படியில் ஆடாமல் பொருத்தி வைத்தார்.
"உங்கள் அட்டையில்" என்றார்,
"இந்தத் திருப்பம் இல்லை."
அவ்வளவுதான்.
உள்ளே போய்விட்டார்.

வாக்கெடுப்பு அடுத்த மாதம்.
சாலை இன்னும் நாடா,
குழாய் இன்னும் உறிஞ்சுகுழல்.
எர்மெலிந்தா மனம் மாறவில்லை;
மாற வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை,
அவள் நெருப்பைப் பார்த்தவள்.

மேலதிகாரி படிவத்தைத் திருப்பி அனுப்பினார்:
"பிற" கோட்டைத் தாண்டிவிட்டதாம்,
சுருக்கி எழுத வேண்டுமாம்.
நாய்கள் மூன்று என்பதையும் சேர்த்து
மறுபடி அனுப்பியிருக்கிறேன்.